ஊர் முன்னே, நிர்வாகம் பின்னே: தாம்பரம் மாநகராட்சி பற்றி ஒரு மதிப்புரை

தாம்பரத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் தரகரிடம் கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்தாம்: ஸ்டேஷன் எவ்வளவு தூரம், நல்ல தண்ணீர் வருகிறதா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா. முதல் கேள்விக்குத் தாம்பரம் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருப்தியான விடையை வைத்திருக்கிறது. மற்ற இரண்டுக்குமான விடை தெருவுக்குத் தெரு மாறும். சரியாகச் சொன்னால், அந்தத் தெரு 2021 நவம்பருக்கு முன்பு எந்த உள்ளாட்சியின் கீழ் இருந்தது என்பதைப் பொறுத்து மாறும். மாநகராட்சியைப் போய் மதிப்பிடுவதா என்று சிலர் கேட்கக்கூடும். அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறோம். குடிநீர், சாலை, தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், குப்பை அகற்றல் என்று அதற்கு ஈடாகச் சிலவற்றை எதிர்பார்க்கிறோம். காசு கொடுத்துப் பெறும் மற்ற எந்தச் சேவையையும்போல இதையும் எடை போடலாம். பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போக முடியாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எடை போடலாம்.

தாம்பரத்தின் வரலாற்றைப் படிக்கிறவருக்கு ஒன்று விரைவில் புலப்படும்: இந்த ஊரை வளர்த்தவை உள்ளாட்சி அமைப்புகள் அல்ல. சென்னை நகரத்துக்குள் இடம் போதாமலோ, நகரத்தின் நெரிசலிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதாலோ இங்கே வந்து அமர்ந்த பெரிய நிறுவனங்களே இதை ஊராக்கின. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் புகழ்பெற்ற டாக்டர் சௌரிமுத்து, 1928ஆம் ஆண்டு இங்கே ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு ஆகியவைதாம் சிகிச்சை. அதற்கு ஏற்ற திறந்த வெளியும் மரங்களும் நகரத்துக்கு வெளியே, ஆனால் ரயில் வந்து நிற்கும் தொலைவில் தேவைப்பட்டன. 1937இல் மருத்துவமனை அரசின் கைக்குப் போனது. இன்றும் மின்ரயில் நிறுத்தத்தின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே இருக்கிறது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்கப் பல மருத்துவமனைகள் தயங்கிய நேரத்தில் அவர்களை ஏற்று, நாட்டிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றாக இந்த மருத்துவமனை வளர்ந்தது. அதே வட்டாரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. விடியற்காலையிலேயே வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அந்த வரிசையில் சென்னையில் இருந்து வந்தவர்களைவிட வெளி மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் இவ்வாறே வந்தது. 1837இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்வி நிறுவனம் ஜார்ஜ் டவுனின் சந்தடியில் ஒரு நூற்றாண்டு இயங்கிய பிறகு, 1937இல் சேலையூர்க் காட்டுப் பகுதியில் சுமார் 365 ஏக்கர் நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. புதர்க்காடாகக் கிடந்த அந்த நிலத்தின் பெரும்பகுதியைக் காடாகவே விட்டுவைத்தார்கள். கிழக்குத் தாம்பரம் முழுவதும் அடுக்குமாடிகளாக மாறிவிட்ட இந்த நாளிலும், வேளச்சேரி சாலையில் கல்லூரி மதிலை ஒட்டி நடக்கும்போது வெயிலின் கடுமை சற்றுத் தணிவது அதனால்தான். அப்பால் விமானப்படைத் தளம் இருக்கிறது. பயிற்சி விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் பள்ளி 1954 முதல் அங்கே நடக்கிறது. 1984இல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. இவற்றையெல்லாம் நகரத்தோடு கட்டிப்போட்ட கயிறு, 1931ஆம் ஆண்டு மே மாதம் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்ரயில். சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மீட்டர் கேஜ் தடம் 2004 ஜூலையில் விடைபெறும்வரை, ‘தாம்பரம் லோக்கல்’ என்பதே தென்சென்னைக்காரர்களின் அன்றாட நாள்காட்டியாக இருந்தது.

இவ்வளவும் வந்து சேர்ந்தபோது நகராட்சி எங்கே இருந்தது என்று பார்த்தால், 1964 வரை அது இல்லவே இல்லை. தாம்பரம், புலிக்கொரடு, கடப்பேரி, இரும்புலியூர், சேலையூர் ஆகிய ஊராட்சிகளைச் சேர்த்து அந்த ஆண்டுதான் மூன்றாம் நிலை நகராட்சி ஒன்று அமைந்தது. ரயில் வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து நகராட்சி வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்றைய குறைகளில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும். தெருக்கள் முதலில் வந்தன, வடிகால் பிறகு வந்தது. மனை முதலில் விற்கப்பட்டது, குடிநீர்க் குழாய் பிறகு வந்தது. சில இடங்களில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பல்லாவரம் 1970இல் நகராட்சியானது. சுற்றியிருந்த சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகியவை பேரூராட்சிகளாகவும், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவை நகராட்சிகளாகவும் தனித்தனியே நடந்துவந்தன.

2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் ஆறு புதிய மாநகராட்சிகளை அரசு அறிவித்தபோது அவற்றில் ஒன்றாகத் தாம்பரமும் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று, மேலே சொன்ன ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 70, மண்டலங்கள் 5. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தப் பத்து ஊர்களின் மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கும் மேல். பல்லாவரம்வாசிகள் இன்னமும் சிறு மனத்தாங்கலோடு சுட்டிக்காட்டுவது ஒன்று உண்டு: அந்தக் கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787, பல்லாவரத்தினுடையது 2,15,417. பெரிய ஊரை விட்டுவிட்டுச் சிறிய ஊரின் பெயரை வைத்தது ஏன் என்றால், ரயில் நிலையம்தான் விடை. தென் மாவட்டத்திலிருந்து வரும் எவருக்கும் சென்னையின் வாசல் தாம்பரமாகத்தான் தெரிந்திருக்கிறது.

மக்கள்தொகையைப் பற்றிப் பேசும்போது ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே ஐ.டி. நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. சாலையிலும் ரேடியல் சாலையிலும் பெருகி, ஏரிக்கரை வரை அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும், அரசு ஏட்டில் இந்த மாநகராட்சிக்கு 2011ஆம் ஆண்டின் தலைக்கணக்கே நிற்கிறது. தலைக்கணக்கை வைத்துப் பிரிக்கப்படும் மானியமும், தலைக்கணக்கை வைத்து நிர்ணயிக்கப்படும் துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கையும் அந்தப் பழைய எண்ணையே பின்தொடர்கின்றன. இதற்கு மாநகராட்சியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவைத் தெருவில் அனுபவிப்பவர் குடியிருப்பவர்தான்.

இணைப்பினால் லாபமா நட்டமா என்பதில் என் கருத்து இருவகைப்பட்டது. பழைய தாம்பரம் நகராட்சிக்கு 39 வார்டுகளும் பல்லாவரம் நகராட்சிக்கு 42 வார்டுகளும் இருந்தன. அந்த இரண்டுக்கும் சேர்த்தே 81 உறுப்பினர்கள் இருந்த இடத்தில், இன்று பத்து ஊர்களுக்கும் சேர்த்து 70 பேர். சராசரியாகப் பார்த்தால் 2011ஆம் ஆண்டுக் கணக்கிலேயே ஒரு கவுன்சிலருக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். உண்மையில் அதைவிட அதிகம். பேரூராட்சிக் காலத்தில் வார்டு உறுப்பினரை மளிகைக் கடை வாசலிலேயே பார்த்துப் பேசிவிட முடிந்த சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு இது இழப்புதான். அதே நேரத்தில், தனியாக ஒரு பொறியாளரைக்கூட வைத்துக்கொள்ள வசதியில்லாத பேரூராட்சிகள், ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் ஆணையராக இருக்கும் பெரிய அமைப்புக்குள் வந்ததால் பெரிய திட்டங்களுக்கு நிதி கேட்கும் தகுதியைப் பெற்றன. சிறிய உள்ளாட்சிகள் எளிதில் அணுகக்கூடியவை, ஆனால் கையில் காசில்லாதவை. பெரியவற்றில் காசு உண்டு, ஆனால் கதவு சற்றுத் தள்ளி இருக்கிறது.

மக்களாட்சிக் கணக்கில் இந்த ஊர்கள் நீண்ட காலம் வெறும் கையோடு இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். இணைப்பு முடிவானதும் அந்த இடைவெளியில்தான். அதாவது பத்து ஊர்களை ஒன்றாக்கலாமா என்று விவாதிக்க அந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றுகூட இருக்கவில்லை. மேயர் பதவி பட்டியல் வகுப்புப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், 2022 மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி, அப்போது 25 வயதான வசந்தகுமாரி கமலக்கண்ணனை முதல் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்ற இடங்களில் பாதி பெண்களுக்கு. இந்த இரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன்.

அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளையொட்டி, பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே வந்து கலந்துகொண்டார். கிராம சபையைப் போல நகரத்திலும் குடிமக்கள் நேரடியாகக் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் நல்லது. முதலமைச்சர் வரும் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் போவது இயற்கை. முதலமைச்சர் வராத மற்றக் கூட்டங்கள் எந்த நாளில், எந்தத் தெருவில் நடக்கின்றன என்பதைக் குடியிருப்போருக்கு முன்கூட்டித் தெரிவிப்பதில்தான் அந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான நகர்ப்புற உள்ளாட்சிகளில் இந்த இடத்தில்தான் தளர்ச்சி தெரிகிறது; தாம்பரத்தை இதில் தனித்துக் குற்றம் சாட்ட வேண்டியதில்லை.

இனிச் சேவைகளுக்கு வருகிறேன். வரி கட்டும் வசதிக்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஆன்லைனில் மதிப்பீட்டு எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே கட்டிவிடலாம். ரசீது உடனே கிடைக்கும். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. 2022 ஏப்ரலில் அரசு சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் கூடியது. பல ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் உயர்த்தினால் கசக்கத்தான் செய்யும். வரியே உயர்த்தாமல் வடிகால் மட்டும் வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை என்பதால், இந்த இடத்தில் நான் நிர்வாகத்தின் பக்கம்.

குடிநீருக்கு அதே மதிப்பெண்ணைத் தர மனம் வரவில்லை. பாலாற்றுப் படுகையிலிருந்து குழாய் வழியாக வரும் நீரைப் பெரிதும் நம்பியிருந்த பகுதி இது. ஆற்று மணல் வற்றினால் குழாயும் வற்றும். பழைய நகராட்சிப் பகுதிகளில் ஒன்றுவிட்டு ஒருநாளோ அதற்குச் சற்றுத் தள்ளியோ தண்ணீர் வருகிறது என்றால், அதே மாநகராட்சியின் பழைய பேரூராட்சித் தெருக்களில் லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும் கேன் தண்ணீரும் சேர்ந்துதான் குடும்பத்தை ஓட்டுகின்றன. அடுக்குமாடி வாசலில் நீல நிற இருபது லிட்டர் கேன்கள் மாடிவாரியாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே அந்தத் தெருவின் குடிநீர் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். பத்துக் கேன்களுக்கு மேல் இருந்தால் தரகர் சொல்வதை நம்ப வேண்டாம். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்பது பெரிய சர்ச்சையானது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்தெந்த ஆண்டில், எவ்வளவு ஆழத்தில் பதிக்கப்பட்டன என்ற வரைபடம் பத்து ஊர்களுக்கும் ஒன்றாக இருந்தால், இப்படிப்பட்ட நேரங்களில் வாதத்துக்கு இடம் குறைந்திருக்கும்.

பாதாளச் சாக்கடையில் பல்லாவரம் முந்திக்கொண்டது. தாம்பரத்தில் அத்திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. தோண்டிய சாலைகளை மூடி, மூடியவற்றை மறுபடி தோண்டி, ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புழுதியிலேயே பத்தாம் வகுப்பை முடித்தார்கள். குப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு. தாம்பரம், பல்லாவரம் நகராட்சிகள் சேர்ந்து வேங்கடமங்கலத்தில் குப்பை பதப்படுத்தும் இடத்தை அமைத்தன. அது அவர்கள் எல்லைக்குள் இல்லை. அடுத்திருக்கும் ஊராட்சியில் இருக்கிறது. அந்த ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை. வீட்டு வாசலில் வண்டி வந்து குப்பையை வாங்கிப் போவதில் எனக்குக் குறையில்லை என்றாலும், அந்த வண்டி போய்ச் சேரும் இடத்தையும் சேவையின் பகுதியாகவே கருத வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தாம்பரத்துக்குக் கிழக்கே பெய்யும் மழையும் மேற்கே பெய்யும் மழையும் வெவ்வேறு திசைகளில் போகின்றன. கிழக்கே சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் நீர் சேர வேண்டும். மேற்கே பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகளின் உபரி நீர் முடிச்சூர்ப் பக்கமாக அடையாற்றுக்குப் போக வேண்டும். ஏரியை வெட்டியவர்கள் ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்துக்கால்வாய் ஆகும்படி சங்கிலியாகத்தான் வெட்டினார்கள். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பிற்காலத்தில் ஒவ்வோர் உள்ளாட்சியின் பங்காகப் பிரிந்தது. சிட்லபாக்கம் பேரூராட்சி தன் எல்லை வரை வடிகால் கட்டும். செம்பாக்கம் நகராட்சியின் வடிகால் வேறொரு மட்டத்தில் தொடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மழைக்கு ஊர் எல்லை தெரியாது என்பதைப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர்; ஆனால் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் எல்லைக்கல்லோடு முடிந்துபோகும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. சென்னையிலேயே அந்நாளில் அதிகமாகப் பெய்த இடங்களுள் இது ஒன்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளம் முழுவதும் மூழ்கி, மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். அன்று தாம்பரம் என்றே செய்திகளில் சொல்லப்பட்ட அந்த முடிச்சூர், 2021இல் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்படவில்லை, ஊராட்சியாகவே விடப்பட்டது. மேலே உள்ள ஏரிகள் மாநகராட்சிக்குள், நீர் வந்து விழும் பள்ளம் ஊராட்சியில், ஆறு நீர்வளத் துறையிடம். இந்த இணைப்பின் மிகப் பெரிய குறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கிழக்குப் பக்கம் நிலைமை சற்று மேல்: சிட்லபாக்கமும் செம்பாக்கமும் இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன. சிட்லபாக்கம் ஏரி, குடியிருப்போர் ஆண்டுக்கணக்காக மனுக்கொடுத்தும் வழக்காடியும் போராடியதன் பயனாகச் சீரமைக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியும் சீரமைக்கப்பட்டது. ஆனால் அடுத்த கண்ணியான நன்மங்கலம் மறுபடி எல்லைக்கு வெளியே நிற்கிறது.

திருநீர்மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு தலபுராணச் செய்தி நினைவுக்கு வரும். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பார்கள். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று நான்கு கோலத்திலும் பெருமாள் எழுந்தருளியிருக்கும் தலம் அது. இது தண்ணீர் தங்கும் பூமி என்று பாட்டும் புராணமும் சொல்லிவிட்ட பிறகும், ஏரியின் உட்புறத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தவர்கள் எந்தக் காலத்து அதிகாரிகளோ தெரியவில்லை.

எல்லைக் குழப்பம் வெள்ளத்தோடு நிற்கவில்லை. பல்லாவரத்தை எடுத்துக்கொள்வோம். 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு செம்மண் குழியில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதன்முதலாக அடையாளம் கிடைத்த இடம் பல்லாவரம்தான். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றும் அங்கே உண்டு. இத்தனை பழைமையான ஊரின் நடுவே, பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் என்ற தனி ஆட்சிப் பகுதி இருக்கிறது. அது மாநகராட்சியின் கீழ் வராது. ராணுவ அமைச்சகத்தின் கீழுள்ள வாரியம் அதை நடத்துகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் பழைய டிரங்க் சாலையில், கருவாடு, பழைய மின்விசிறி, ரோஜாச் செடி, மரக்கட்டில், புறா என்று எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு நடந்தால், சில நூறு அடிக்குள் ஓர் உள்ளாட்சியிலிருந்து இன்னோர் உள்ளாட்சிக்குப் போய்விடுவீர்கள். குப்பைத் தொட்டியின் நிறம் மாறுவது தவிர வேறு அடையாளம் எதுவும் கண்ணில் படாது.

ஆகவே இங்கே குடிவருகிறவர், எந்த வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். மாவட்டம் செங்கல்பட்டு, சட்டமன்றத் தொகுதி தாம்பரம் அல்லது பல்லாவரம், நாடாளுமன்றத் தொகுதி ஸ்ரீபெரும்புதூர், காவல் துறைக்கு 2022 ஜனவரி முதல் தாம்பரம் ஆணையரகம் என்று தனி ஏற்பாடு, பெரிய கட்டட அனுமதிக்குச் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஊருக்குப் போகும் பேருந்தை வீட்டருகில் ஏறிக்கொண்டிருந்த தாம்பரத்துக்காரர்கள் இன்று பின்னோக்கிப் பயணம் செய்து ஏறுகிறார்கள். அதற்கு ஈடாக ரயில் கைகொடுத்திருக்கிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டபோது தொடங்கிவைக்கப்பட்ட ராமேஸ்வரம் ரயில் புறப்படுவது எழும்பூரிலிருந்து அல்ல, தாம்பரத்திலிருந்து.

குறைகளையே அடுக்கினால் இங்கே ஏன் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி எழும். நகரத்தின் வாடகையோடு ஒப்பிட்டால் கட்டுப்படியாகும் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரி, நடக்கும் தொலைவில் மருத்துவமனை என்று எல்லாம் கிடைக்கும் வேறு புறநகர் தெற்கே இல்லை. அனகாபுத்தூரில் ஒருகாலத்தில் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான மதராஸ் கைக்குட்டைத் துணியை நெய்தவர்களின் வழிவந்தோர், இன்று வாழை நாரைப் பருத்தி நூலோடு சேர்த்துச் சேலை நெய்கிறார்கள். நார் அறுந்து போகாமலிருக்க அடிக்கடி நீர் தெளித்து, முறுக்கேற்றி, முடிச்சுத் தெரியாமல் கோத்துக்கொண்டே நெய்ய வேண்டிய வேலை அது. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலில் யானையின் பின்புறம்போல் வளைந்த சோழர் காலத் தூங்கானை மாடத்தைச் சந்தடியின்றி நின்று பார்க்கலாம். இவற்றை ஊருக்கு வருகிறவர்களுக்குக் காட்டும் ஒரு வழிகாட்டிப் பலகையையாவது மாநகராட்சி ரயில் நிலைய வாசலில் வைத்தால் நன்றாக இருக்கும்.

மொத்தத்தில், ஊருக்குத் தாராளமாக ஐந்தில் நான்கு தருவேன். அதன் நிர்வாகத்துக்கு இப்போதைக்கு இரண்டரை. பத்து அலுவலகங்களின் வரிப் பதிவேடுகள் ஒன்றாகிவிட்டன, பத்து ஊர்களின் குழாய்களும் வடிகால்களும் இன்னும் ஒன்றாகவில்லை என்பதற்காகவே அந்த ஒன்றரை குறைகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரின் சொத்து வரி ரசீதை வாங்கிப் பார்த்து, வீடு மாநகராட்சியில் இருக்கிறதா, ஊராட்சியில் இருக்கிறதா, கன்டோன்மென்டில் இருக்கிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா அல்லது கழிவுநீர் லாரியை நம்ப வேண்டுமா என்பதைத் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். கூடுமானால் நவம்பரில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்த் தெருவைப் பாருங்கள். சுற்றுச்சுவரில் 2015ஆம் ஆண்டின் நீர்க்கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் அது எந்த உயரத்தில் இருந்தது என்று கையை வைத்தே காட்டிவிடுவார்.